பாட்டு நின்றாலும் சூடு நிற்காது

கேள்வி: அண்ணன் ‘கிளாஸ் ஏ’ ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பாட்டே போடாவிட்டாலும் அடுப்பு மாதிரி கொதிக்கிறது. பழுதா?
– வாசகி, சுங்கை பஞ்சாங்

பதில்: பழுதே இல்லை, தங்கச்சி. பாட்டு போடாதபோதுதான் அது நன்றாகச் சுடும்! சாதாரண ‘கிளாஸ் ஏபி’ ஆம்ப்ளிஃபையரில் ஒலி அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கும். கைமாறும் இடத்தில் சற்றே சொரசொரப்பு தட்டலாம். கிளாஸ் ஏ-யில் எந்த டிரான்சிஸ்டருக்கும் ஓய்வு கிடையாது; பாட்டு இல்லாதபோதும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். 1969-இல் ஜான் லின்ஸ்லி ஹூட் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் தந்த 10 வாட் வடிவமைப்பு, ஒரு சேனலுக்கு 27 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் இழுக்கும். ஸ்டீரியோ என்றால் சுமார் 65 வாட், சும்மா இருக்கும்போதே.

பலன் சின்னச் சத்தத்தில்தான் தெரியும். ராத்திரியில், அக்கம்பக்கம் விழிக்காத அளவில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) போடச் சொல்லுங்கள். வயலின் வில் நரம்பைத் தொட்டு உரசும் அந்த முதல் கணம் அப்படியே காதில் விழும். கச்சேரிப் பதிவென்றால் தம்புராவின் நாதம் தேய்ந்து போகும்வரை பின்தொடரலாம். நல்ல கிளாஸ் ஏபி-யும் நெருங்கி வரும். என் ஓட்டு என்னவோ கிளாஸ் ஏ-வுக்குத்தான்.

நம் ஊர் வெக்கையில் அதை அலமாரிக்குள் அடைக்காதீர்கள். அம்மா பின்னிய பூத்துணியை மேலே விரிக்கவும் விடாதீர்கள். கேட்டு முடித்ததும் சுவிட்சை அணைப்பது அண்ணன் பொறுப்பு. கரண்ட் பில்லும் அவருடையதே!