எந்தப் பைத்தான்?

கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன் என்று சொந்தபந்தத்துக்குத் தெரிந்துவிட்டால் பிரிண்டர் கோளாறு முதல் பாஸ்போர்ட் விண்ணப்பம் வரை நம் தலையில்தான் வந்து விடியும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் "பைத்தான் போட்டிருக்கேன், வேலை செய்ய மாட்டேங்குது" என்று ஒருவர் ஆரம்பித்தால் "எந்தப் பைத்தான்?" என்று கேட்பேன். வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். வெர்ஷன் நம்பர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். தன் மெஷினுக்குள் ஒன்றுக்கு மேல் குடியிருக்கிறது என்பதே அவருக்குச் செய்தி.

அக்கா மகள் இன்ஜினியரிங் கடைசி வருஷம். ரிவ்யூ நெருங்குகிற நேரத்தில் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, பாண்டாஸ் ஏற்கெனவே இருக்குன்னு பிப் சொல்லுது. அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு பைத்தான் சொல்லுது. இதுல யாரு பொய் சொல்றாங்க?"

பைத்தானுக்குத் துணை நூலகங்களைக் கொண்டுவந்து போடுவது பிப்; பாண்டாஸ் அப்படியொரு நூலகம். யாரும் பொய் சொல்லவில்லை. பொய் என்றால் கண்டுபிடித்துவிடலாம். இங்கே இரண்டு அரிச்சந்திரர்கள் ஆளுக்கொரு உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். பிள்ளைகள் நிறைய இருந்த வீட்டில் ஒரே பெயரில் நாலைந்து பேரன்கள் திரிவார்கள். திண்ணையிலிருந்து "ஏலே சுப்பையா" என்று குரல் கொடுத்தால் வாசலுக்குப் பக்கத்தில் எவன் நிற்கிறானோ அவன் வந்து நிற்பான். 'பாத்' என்கிற சங்கதியும் இதுதான். அது ஃபோல்டர்களின் வரிசை. நாம் பைத்தான் என்று தட்டினால் கம்ப்யூட்டர் வரிசையாகப் போய்ப் பார்த்து, அந்தப் பெயரில் முதலில் அகப்பட்டதை ஓட்டிவிடும். இதைவிடப் புதியது பின்னால் இருக்கிறதா, இவள் கேட்டது இதைத்தானா என்ற விசாரணையெல்லாம் கிடையாது.

விண்டோஸில் இன்னொரு கூத்து. 2019-க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10-ல், பைத்தான் போடாத மெஷினில் பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்டின் கடை திறக்கும். ஆள் இல்லை என்று சொல்வதற்குப் பதில் விற்பனைக்கே வந்துவிடுகிறார்கள்.

அவளுடையது உபுண்டு. டெர்மினலில் 'விச்' கட்டளையோடு ஒரு 'மைனஸ் ஏ' சேர்த்துக் கேட்டால் அந்தப் பெயரில் உள்ளவர்கள் அத்தனை பேரையும் வரிசைப்படுத்திக் காட்டும். கேட்டோம். உபுண்டு தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பது ஒன்று. முதல் வருஷ வகுப்புக்காகப் போட்ட அனகோண்டா ஒன்று. யூடியூப் பார்த்து சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தது ஒன்று. சீனியர் அண்ணா சொல்லிப் போட்ட பைஎன்வ் வழியாக வந்தது இன்னொன்று.

"இவ்வளவும் என்னோடதா மாமா?"

டெர்மினலில் பேசிய பிப் அனகோண்டாவின் ஆள். அனகோண்டா வரும்போதே பாண்டாஸைக் கூட்டிக்கொண்டுதான் வரும். அதனால்தான் ஏற்கெனவே இருக்கிறது என்று சொன்னது. அவள் எடிட்டரில் ரன் பட்டனை அழுத்தினால் ஓடியதோ கம்பைல் செய்து போட்டது. எடிட்டர் இதை மறைக்கவில்லை. திரையின் கீழ் ஓரத்தில், யாரும் பார்க்காத இடத்தில், சின்ன எழுத்தில் எழுதியே வைத்திருந்தது.

இந்த நாலும் தானாக முளைக்கவில்லை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு நல்ல மனிதரின் ஆலோசனை இருக்கிறது. பைத்தான் தகராறுக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றே ஒன்று: இன்னொன்று போடு. பைத்தான்கள் அதிகமாகிவிட்டதா? அவற்றை மேய்க்க ஒரு மேனேஜர் போடு. மேனேஜர் சரியில்லையா? வேகமான மேனேஜர் வந்திருக்கிறது, அதைப் போடு. இருப்பதில் ஒன்றை எடு என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ரேண்டல் மன்றோ 2018-ல் தன் எக்ஸ்கேசிடி கேலிச்சித்திரத்தில் இந்த அலங்கோலத்தை வரைந்தார். எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியாத அம்புக்குறிகளின் காடு. மிகைப்படுத்தி வரைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எடுப்பதிலும் ஆபத்து இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். உபுண்டுவின் சொந்தப் பைத்தானில் கை வைத்தால், அதைத் தூக்கினாலோ அந்தப் பெயரை வேறு வெர்ஷனுக்குத் திருப்பிவிட்டாலோ, டெர்மினலே திறக்காமல் போகலாம். அதைத் திறந்துவைக்கிற ஸ்கிரிப்டும் பைத்தானில் எழுதியதுதான். சரிசெய்யக் கட்டளை தட்ட வேண்டும்; தட்டுவதற்கு டெர்மினல் வேண்டும். இதற்குப் பயந்துதான் 2023-ல் வந்த டெபியன் 12 (டெபியன்தான் உபுண்டுவின் தாய்வீடு), சிஸ்டத்தின் பைத்தானுக்குள் பிப் எதையும் போடாதபடி தடுத்துவைத்தது. மீறியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வழியும் விட்டார்கள். கட்டளைக்குப் பின்னால் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று சேர்க்க வேண்டும். உடைத்துப் போடு என்று இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது. அக்கா மகளின் ரூம்மேட் அதை அப்படியே காப்பி செய்து தட்டியிருக்கிறாள்.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சாளாம்மா?"

"வேலை செஞ்சுது மாமா. அப்புறம் எதுக்குப் படிக்கணும்?"

வெர்ஷன் சண்டை இந்தத் தலைமுறையோடு ஆரம்பித்ததில்லை. 1991-ல் கீடோ வான் ரோசம் வெளியிட்ட மொழி இது. 2008 டிசம்பரில் வந்த 3.0, பழைய 2-ஆம் வரிசையோடு ஒத்துப்போகாது என்று சொல்லியே வந்தது. பழையதை 2015-ல் முடித்துக்கொள்வதாகத் திட்டம், ஜனங்கள் நகரவில்லை, 2020 வரை நீட்டினார்கள். 'பிரிண்ட்' என்ற சொல்லுக்கு அடைப்புக்குறி போடாவிட்டால் புதியது கத்தும். கத்துவது நல்லது. வகுத்தல்தான் கள்ளன்: 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழையது 3 என்று சொல்லும், புதியது 3.5 என்று சொல்லும், இரண்டும் எந்த எச்சரிக்கையும் தராமல்.

நம் எழுத்திலும் இந்தச் சண்டை உண்டு. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பழைய பைத்தானிடம் கேட்டால் 15 என்று சொல்லும். அது பைட்டுகளை எண்ணுகிறது. புதியது 5 என்று சொல்லும். அது யூனிகோட் குறிகளை எண்ணுகிறது, மியின் கொக்கியும் ழ்-இன் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. எந்த வெர்ஷனுக்கு மாறினாலும் ஒன்றாம் வகுப்பு டீச்சர் சொன்ன 3 மட்டும் வராது.

எண்களிலேயே வம்பு இருக்கிறது. 2021 அக்டோபரில் 3.9-க்கு அடுத்ததாக 3.10 வந்தது. கணக்கு படித்தவர்கள் இது சின்ன எண் என்றார்கள். அமைப்பு விவரங்களை எழுதிவைக்கும் யாம்ல் கோப்புகளில் இந்த எண்ணை மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் கடைசிப் பூஜ்யம் உதிர்ந்து 3.1 ஆகிவிடும். அது 2009-இல் வந்த சரக்கு. புத்தம் புதியதைக் கேட்டவன் கையில் பரணில் கிடந்தது.

அக்கா மகளுக்கு நான் செய்தது சுருக்கமான வேலை. ப்ராஜெக்ட்டுக்கென்று 'வென்வ்' வைத்துத் தனிச் சூழல் உண்டாக்கினோம். 2012-ல் வந்த 3.3 முதல் பைத்தானோடு வருகிற வசதி இது. பிப்பைத் தனியாகக் கூப்பிடாதே, பைத்தான் வழியாகவே கூப்பிடு, அப்போதுதான் அது இதனுடைய பிப்பாக இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். எடிட்டரின் ஓரத்துச் சின்ன எழுத்தையும் மாற்றினோம். என்ன, உபுண்டுவில் வென்வ் தனிப் பேக்கேஜ். இவ்வளவு பேசிவிட்டு நானும் அவளிடம் "இன்னொண்ணு போடும்மா" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஓடியது. அக்கா காபி கொண்டுவந்தாள். அந்தச் சந்தோஷத்தில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் புரட்டினேன். தேவைப்படும் மென்பொருள் என்ற தலைப்பின் கீழ் 'பைத்தான்' என்று மட்டும் இருந்தது.

"வெர்ஷன் போடலையே?"

"போன வருஷ சீனியர் ரிப்போர்ட்ல அப்படித்தான் மாமா இருந்துச்சு. அந்த அண்ணா ஃபுல் மார்க்."