வயிற்று வர்த்தமானம்

முயலைப் பற்றி உலகத்தார் கொண்டுள்ள அபிப்பிராயங்களில், அது காரட் தின்று உயிர் வாழ்கிறது என்பதைப்போல ஆழமாக வேரூன்றியதும் ஆதாரமற்றதுமான அபிப்பிராயம் வேறொன்றில்லை. இதற்கு மூலகாரணம் சினிமா என்றால் பலர் நம்பமாட்டார்கள். 1934-ல் வெளிவந்த 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' என்னும் அமெரிக்கப் படத்தில் கிளார்க் கேபிள் என்ற நடிகர், வேலியோரத்தில் காரட்டைக் கடித்துக்கொண்டே ஓயாமல் பேசுகிறார். அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டுதான், 1940-ல் முழு உருவம் பெற்ற பக்ஸ் பன்னி என்னும் கேலிச்சித்திர முயலின் கையில் காரட்டைக் கொடுத்தார்கள். ஒரு நடிகர் மென்ற தோஷத்துக்கு ஒரு ஜாதி முழுவதும் மெல்ல வேண்டியதாயிற்று. சர்க்கரை மிகுந்த அந்தக் கிழங்கு முயலுக்குப் பண்டிகைப் பலகாரமே அன்றி நித்திய போஜனம் அன்று.

பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் தாமே முயல் வளர்த்தவராகையால் விஷயம் தெரிந்தவர். 1902-ல் வெளியான அவருடைய கதையில் பீட்டர் என்னும் முயல், பிறத்தியார் தோட்டத்தில் புகுந்து லெட்யூஸ் கீரையும் பீன்ஸும் முள்ளங்கியும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, குமட்டல் கண்டு, பார்ஸ்லித் தழையைத் தேடி அலைகிறது. இதுவரை சரிதான். ஆனால் கதை முடிவில், சமர்த்தாக இருந்த அதன் சகோதரிகளுக்கு ரொட்டியும் பாலும் இராப்போஜனமாகப் பரிமாறப்படுகின்றன. இக்காலத்து மிருக வைத்தியர் எவரேனும் அந்தச் சமையற்கட்டை எட்டிப் பார்த்திருந்தால், தோட்டக்காரர் மக்கிரெகரைவிட அதிக ஆக்ரோஷம் கொண்டிருப்பார்.

எங்கள் வீட்டு முயலுக்கு என் மகள் இட்ட பெயர் பஞ்சு. திருவையாற்றுப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் சித்தப்பா, பெயரைச் சுருக்குவது தெய்வக்குற்றம் என்று கருதுபவராதலால், அதைப் பஞ்சாபகேசன் என்றே அழைத்து வந்தார். புல்லும் கீரையும் அன்றி வேறொன்றும் தொடாத சாத்விகப் பிராணி என்பதில் அவருக்கு அதன்மேல் ஒரு மரியாதையும் இருந்தது. அந்த மரியாதை ஒரு விடியற்காலையில் போயிற்று.

விஷயம் இதுதான். முயல் தின்ற புல்லில் முரட்டு நாரெல்லாம் குடலைத் தள்ளிக்கொண்டு உருண்டைப் புழுக்கையாக வெளியேறிவிட, நுண்ணிய துகள்கள் மட்டும் பின்வாங்கி, வயிற்றின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் குருட்டுக்குடலுக்குள் சென்று தங்குகின்றன. அங்கே குடியிருக்கும் நுண்கிருமிகள், உறைமோர் பாலைத் தயிராக்குவதுபோல, அத்துகள்களைப் புளிக்கவைத்துப் புரதமும் பி வைட்டமின்களும் செறிந்த மிருதுவான, பளபளப்பான கொத்துகளாக மாற்றி அனுப்புகின்றன. அவற்றை முயல் தரையில் விழவிடாமல், புறப்படும் வாயிலிலேயே வாய் வைத்து வாங்கி விழுங்கிவிடுகிறது. மோரோ என்ற பிரெஞ்சு மிருக வைத்தியர் 1882-லேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். சித்தப்பா அதைப் படித்தவரல்லர். கண்ணாரக் கண்டார், நேரே கிணற்றடிக்குப் போய் இரண்டாவது ஸ்நானம் செய்துவிட்டு வந்தார். பஞ்சகவ்யத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கொள்பவர் இதற்கு முகம் சுளிப்பானேன் என்று கேட்க நா எழுந்தது. வயதை உத்தேசித்து அடக்கிக்கொண்டேன்.

புல் இல்லாவிடில் இந்த யந்திரம் ஓடாது. போதாக்குறைக்கு அதன் 28 பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய்ந்து ஒரு கட்டுக்குள் நிற்கும். ஆகவே எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மாளிடம் நாள்தோறும் அறுகம்புல்லுக்கு ஏற்பாடு செய்திருந்தோம். விநாயகருக்கு ஒரு பிடிக்குமேல் கேட்டறியாத அந்த அம்மாள், கூடைகூடையாக நாங்கள் வாங்குவதைச் சில காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல தெனமும் சதுர்த்தியா சாமி?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்ன பிறகு எங்கள்மேல் அவளுக்கிருந்த பக்தி கொஞ்சம் குறைந்தது. விலை மட்டும் குறையவில்லை.

இந்நிலையில் தீபாவளி வந்தது. வந்த உறவினர்கள் அனைவரும், பிறர் வீட்டுக் குழந்தையின் கையில் எதையாவது திணிக்காமல் திரும்பலாகாது என்னும் நம் தேசாசாரத்தை முயலுக்கும் விஸ்தரித்து, ஒருவர் வாழைப்பழம், ஒருவர் பிஸ்கோத்து, இன்னொருவர் லட்டிலிருந்து உதிர்ந்த பூந்தி என்று கம்பிகளின் வழியே செலுத்திக்கொண்டிருந்தார்கள். வாந்தி எடுக்கும் சௌகரியத்தை இறைவன் முயலுக்கு அருளவில்லை. உள்ளே போனது உரிய வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். தெருவிலோ வெடிச்சத்தம். இனிப்பும் மாவும் ஒருபுறம், பீதி மறுபுறம். இரண்டுமே முயலின் குடலை நிறுத்தக்கூடியவை. மாலையில் பஞ்சு மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, காதைப் பின்னுக்குச் சாய்த்து, பல்லை நறநறவென்று கடித்தபடி உட்கார்ந்திருந்தது. உயிரையே விட்டாலும் விடாத கொத்தமல்லிக் காம்பை மூக்கருகே நீட்டினால், முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பயப்படாதேடா. லங்கனம் பரமௌஷதம். ரெண்டு வேளை பட்டினி போடு, அப்புறம் கோலியளவு லேகியம் கொடு. பஞ்சாபகேசன் துள்ளிண்டு ஓடுவான்" என்றார் சித்தப்பா. தீபாவளி லேகியத்தின் மகிமையில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் வெல்லமும் நெய்யும் கிளறிய ஒன்றை, வெல்லத்தாலும் நெய்யாலும் விழுந்த முயலுக்குக் கொடுப்பதில் தர்க்கம் உதைத்தது. நல்லவேளையாகப் பண்டிகை தினத்திலும் திறந்திருந்த ஒரு வைத்தியசாலை கிடைத்தது. அங்கிருந்த டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து அடைப்பு ஏதுமில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, வலிக்கு ஓர் ஊசியும் தோலுக்கடியில் உப்புநீரும் ஏற்றினார். லங்கனம் என்ற சொல்லை நான் வாயெடுத்த மாத்திரத்தில் அவர் திடுக்கிட்டார். மனிதனுக்கு மருந்தான பட்டினி முயலுக்கு எமனாம்: பட்டினியால் குடல் ஓயும், ஓய்ந்த குடலில் வாயு சேரும், வாயுவின் வலியால் பசி போகும், பசி போனதால் குடல் இன்னும் ஓயும், பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தாலே நிலைமை அபாயமானது என்றார். புல்மாவைக் குழைத்து, ஊசியில்லாத ஸிரிஞ்சினால் கடைவாயில் சிறிது சிறிதாகப் புகட்டி வரும்படி உத்தரவாயிற்று.

அன்றிரவு வீட்டில் ஒருவரும் படுக்கவில்லை. ஆரோக்கியமான முயல் நாளொன்றுக்கு இருநூறு முந்நூறு புழுக்கை போடும். நாங்கள் ஒன்றே ஒன்றுக்காகத் தவங்கிடந்தோம். விடியும் சமயத்தில், மிளகைவிடச் சிறியதாக, கோணலாக, மூன்று நான்கு தென்பட்டன. மகள் கூவினாள், என் மனைவி டார்ச்சு விளக்குடன் ஓடிவந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், நான் ஊரிலிருக்கும் தம்பிக்குச் செய்தி சொல்ல டெலிபோனை எடுத்தேன். இந்த அமர்க்களத்தில் விழித்துக்கொண்ட சித்தப்பா, காரணத்தை விசாரித்தறிந்து, கட்டிலில் சாய்ந்தபடியே எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏண்டா, மலச்சிக்கலோட நானும் இத்தனை வருஷமா இந்த வீட்லதான் இருக்கேன். ஒருநாளாவது ஒருத்தராவது வந்து, 'ஆச்சா சித்தப்பா?'ன்னு கேட்டதுண்டா?"