கூப்பிட்டுக் கொடுக்கும் வள்ளல்கள்

முல்லை கேட்காமலேயே பாரி தேரைக் கொடுத்தான் என்று இரண்டாயிரம் வருடமாகப் பெருமை பேசுகிறோம். கொடுத்தான், சரி. கொடுத்த கையோடு வீட்டுக்கு நடந்து போய்விட்டானே! பிராசஸிங் ஃபீஸ் பிடிக்கத் தெரியவில்லை. மறுநாள் காலையில் முல்லையைக் கூப்பிட்டு, "டாப்-அப் தேர் வேணுமா மேடம்?" என்று விசாரிக்கவும் தெரியவில்லை. இந்தக் குறைகள் ஒன்றுமில்லாத வள்ளல்கள் இன்று கருவேப்பிலங்குறிச்சி வரை தேடி வந்து கொடுக்கிறார்கள்.

அந்த ஊர் இருக்கிற விருத்தாசலம் வட்டாரத்தில் பீங்கான் தொழில் நடத்துகிறவர்களைக் கேட்டால் இந்தக் கொடையின் அருமை புரியும். பீஸ் கேரியரோ அகல் விளக்கோ பொம்மையோ, எதைச் சுட்டு விற்றாலும் தொழில்காரன் தன் ஃபோன் நம்பரை மறைத்து வைக்க முடியாது. போர்டில் எழுதுவான், அட்டைப்பெட்டியில் அச்சடிப்பான், பில் புத்தகத்தின் தலையில் போடுவான். நாலு பேர் கூப்பிடட்டும் என்றுதான் போடுகிறான். வள்ளல்கள் அந்த நாலு பேரோடு சேர்ந்து கொள்கிறார்கள். சில நாட்களில் நாலு பேருமே அவர்களாக இருக்கிறார்கள்.

கை இரண்டிலும் பீங்கான் மாவு அப்பியிருக்க, ஃபோன் அடிக்கிறது. வேலைப் பையனைக் கூப்பிட்டுக் காதில் வைக்கச் சொல்கிறார் முதலாளி.

"சார், கருவேபில்லன்... குர்ச்சியிலதானே இருக்கீங்க? உங்களுக்கு அஞ்சு லட்சம் ப்ரீ-அப்ரூவ்டு பிசினஸ் லோன் ரெடியா இருக்கு சார்."

"இப்ப வேணாம்மா. சூளைகிட்ட நிக்கிறேன்."

"ஓகே சார், எத்தனை மணிக்குக் கூப்பிடட்டும்?"

இந்த அன்பை என்னவென்று சொல்வது! நேரில் போய்க் கடன் கேட்டால் மூன்று வருடக் கணக்கு, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, ஜாமீன்தார் என்று நடையாய் நடக்க விடுகிற உலகம் இது. முகம் பார்க்காமல், ஊர் பேரைக்கூட முழுசாகச் சொல்ல வராமல், அஞ்சு லட்சத்தை நீட்டுகிற மனசு வேறு யாருக்கு வரும்?

ஏழை பணக்காரன் என்ற பேதமும் அவர்களிடம் கிடையாது. 2010 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த பிரணாப் முகர்ஜிக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தது. வீட்டுக் கடன் வேண்டுமா என்றார்கள். அவர் அப்போது நாட்டின் நிதியமைச்சர். ஒரு தேசத்தின் வரவு செலவைப் பார்க்கிறவர் கைக்கு வீடு கட்டக் காசு போதுமோ போதாதோ என்று கவலைப்பட வேறு யார் இருந்தார்கள்? தாம் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார். சூளைக்காரர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் நிதியமைச்சர் சொன்னதால் அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. ராசா வரைக்கும் விஷயம் போனது. அந்த டிசம்பரிலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புது விதிமுறையும் வெளியிட்டது. சூளைக்காரர் சொன்னால் வேலைப் பையனுக்குக் கேட்கும்.

அரசின் பொறுமையையும் போற்றித்தான் ஆக வேண்டும். 'தொந்தரவு செய்யாதே' பதிவேடு 2007-லேயே வந்துவிட்டது. 2011 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, விளம்பர அழைப்பு என்றால் 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும். இரவு 9 முதல் காலை 9 வரை வரக்கூடாது என்றும் அப்போது இருந்தது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் அபராதம், ஏறி ஏறி ஆறாவது முறை இரண்டரை லட்சம் என்பது அன்றைய கணக்கு. அடங்காப் பிள்ளைக்குக்கூட ஆறு வாய்ப்பு தராத தாய்மார்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். முறையாகப் பதிவு செய்தவனுக்குத்தானே இத்தனை கெடுபிடி, பதிவே செய்யாமல் சாதாரணப் பத்து இலக்க சிம்மில் கூப்பிட்டால் யார் கேட்பார்கள் என்று முதலில் யோசித்த மூளைக்கு ஒரு சிலை வைக்கலாம்.

நமக்கும் அதிகாரம் தராமல் இல்லை. 1909-க்கு 'ஸ்டார்ட் 0' என்று அனுப்பினால் எல்லா விளம்பரத்துக்கும் தடை. வங்கி வேண்டாம், வீட்டுமனை வேண்டாம், கல்வி மட்டும் வரட்டும் என்று வகை பிரித்தும் சொல்லலாம். அப்புறமும் அழைப்பு வந்தால், கூப்பிட்டவரின் எண், தேதி, என்ன சொன்னார் என்று எழுதி அதே 1909-க்குப் புகார் அனுப்பலாம். தொல்லை பண்ணினவருக்கு ஒரு வேலையும் இல்லை. தொல்லைப்பட்டவருக்குத்தான் குமாஸ்தா உத்தியோகம், அதுவும் சம்பளமில்லாமல்.

2025 பிப்ரவரியில் இந்த உத்தியோகத்தை இன்னும் தாராளமாக்கினார்கள். மூன்று நாளுக்குள் புகார் தர வேண்டியிருந்தது ஏழு நாளானது. நடவடிக்கைக்கு இருந்த முப்பது நாள் ஐந்தாகக் குறைந்தது. பதிவேட்டில் பேர் இல்லாதவரும் புகார் தரலாம். முன்பு ஏழு நாளில் பத்துப் புகார் சேர்ந்தால்தான் அந்த எண்ணின் மேல் கை வைப்பார்கள். இப்போது பத்து நாளில் ஐந்து போதும். கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒன்று போட்டுவிட்டார். மிச்சம் நாலு பேர் எந்த ஊரில் இருக்கிறார்களோ, அவர்களும் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து எழுதுவதுதான் பாக்கி. அதற்குள் வள்ளல் வேறு சிம் மாற்றியிருப்பார். கொடைக்கு எண் ஒரு தடையா?

பிளாக் பண்ணினால் என்ன என்பீர்கள். பண்ணாமலா? சூளைக்காரர் ஃபோனில் சொந்தக்காரர்களைவிடப் பிளாக் ஆனவர்கள் அதிகம். தெரியாத எண் என்றால் மணியே அடிக்காதபடி செட்டிங் வைத்துத் தந்தான் மகன். நல்ல ஏற்பாடு. வங்கியும் அரசும் நிஜமாகவே கூப்பிடுவதற்கென்று 1600 வரிசை இருக்கிறது, அதை மட்டும் எடுத்தால் போதும் என்றும் விளக்கினான். ஆனால் கார்த்திகைக்கு அகல் கேட்டு வருகிற வியாபாரி 1600-லிருந்து கூப்பிட மாட்டாரே! அவரும் பத்து இலக்கம்தான், அவரும் தெரியாத எண்தான், அவரும் எடுத்ததும் "சார்" என்றுதான் ஆரம்பிப்பார்.

சேலத்துக்காரர் ஒருவர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, எடுக்காததால் அடுத்த பட்டறையில் ஆர்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். விஷயம் தெரிந்த அன்றைக்கே முதலாளி செட்டிங்கை எடுத்துவிட்டார். மறுநாள் காலை, ஒன்பது மணி ஆவதற்காகவே காத்திருந்ததுபோல் ஃபோன் அடித்தது.

"சார், பிசினஸ் கொஞ்சம் டல்லா போகுதா? உங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு ஸ்கீம் வந்திருக்கு சார்."