ஐயனாருக்கு ஒரு இலை பாக்கி

ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் மொட்டைமாடியில் பூனைகள் மாநாடு நடப்பதற்கு நான்தான் காரணம் என்று தெருவே சொல்கிறது. பொய்யில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், நம் மண்ணின் செடிகளைக் காப்பாற்றியே தீருவது என்று எனக்குள் ஒரு வேகம் பிறந்தது. மனைவி வளர்த்த குரோட்டன்ஸ் தொட்டிகளில் நான்கைக் காலி செய்தேன். (அதற்கான தண்டனை இன்னும் முடியவில்லை.) புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சாக்கடை ஓரம் அனாதையாக நின்ற குப்பைமேனியை வேரோடு கொண்டுவந்து நட்டேன். மறுநாள் காலை தொட்டி கவிழ்ந்து கிடந்தது. சிதறிய மண்ணில் ஒரு சாம்பல் நிறப் பூனை வேரை மென்றபடி, கள்ளுக்கடையிலிருந்து வந்து திண்ணையில் சாய்ந்த ஆள் மாதிரிக் கிறங்கிக் கிடந்தது. "ச்சூ" என்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

எதிர் மாடியில் வற்றல் காய வைத்துக்கொண்டிருந்த ஆயா சிரித்தார். "அதுக்குப் பேரே பூனைவணங்கி தம்பி. வேர் வாசனைக்குத் தெருப் பூனை அத்தனையும் வந்து கும்புடும். இதுகூடத் தெரியாமத்தான் செடி வளக்க வந்தியா?"

என் செல்போன் செயலியைக் கேட்டால் அதே செடிக்கு 'அகாலிஃபா இண்டிகா' என்றது. சரியான பெயர்தான். ஆனால் பூனை வரும் என்று அதில் எச்சரிக்கை இல்லையே!

நாட்டுச் செடிகளைத் தேடி நான் முதலில் போனது, பிரெஞ்சுக்காரர்கள் 1826-இல் அமைத்த தாவரவியல் பூங்காவுக்கு. திருடனைத் தேடிக் கல்யாண வீட்டுக்குப் போன கதைதான்: ஆள் இருப்பான், ஆனால் கூட்டத்தில் அடையாளம் தெரியாது. கடல் கடந்து வந்த மரங்கள் ராஜ கம்பீரமாக நிற்க, உள்ளூர்க்காரர்கள் எல்லாம் புல்லோடு புல்லாக வேலிக்கடியில் ஒதுங்கியிருந்தார்கள். கீழாநெல்லியைக் குனிந்து தேடிய என்னைப் பார்த்து, ஒருவர் சில்லறை தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

புதுச்சேரிக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. 2007-இல் அரசு தன் சின்னங்களை அறிவித்தபோது மரம் வில்வம், பறவை குயில், விலங்கு அணில் என்றது. மூன்றும் நம்மவர்கள். பூ மட்டும் நாகலிங்கம். சிவலிங்கத்துக்கு மேல் நாகம் படம் எடுத்தாற்போல் இருப்பதால் அதைக் கைலாயத்திலிருந்தே வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் தென் அமெரிக்க மரம். கயானா அதன் தாவரவியல் பெயரிலேயே இருக்கிறது. எங்கள் தெரு சொல்தா தாத்தாவிடம் வருத்தத்தோடு சொன்னேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, இன்றும் அந்த ஊர் பென்ஷன் வாங்குகிறவர். "கயானாவா? அதுல ஒரு பாதி எங்க ஆளுங்கதான்" என்றார். 1954-இல் நாம் பிரான்சிடமிருந்து கழன்றுகொண்டதெல்லாம் அவர் கணக்கில் சின்னக் குடும்பத் தகராறு.

பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்துப்பட்டுக்குப் போகும் நடைக் குழுவில் சேர்ந்தேன். வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர். கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு, காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி, அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. ஒரு வழிக்கே மூன்று எல்லை. அங்கே மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு மிஞ்சியிருக்கிறது. இந்தக் கடற்கரைப் பக்கத்தின் பழைய காடு இப்படித்தான் இருந்ததாம்: கோடையிலும் பச்சை மாறாத, குட்டையான, நெருக்கமான மரங்கள். தடித்த சின்ன இலைகள் தண்ணீரைக் கஞ்சத்தனமாகச் செலவு செய்யும். கூட்டி வந்த பையன் 'தானே' புயலைப் பற்றிச் சொன்னான். 2011 டிசம்பர் 30 அன்று ஆரோவில்லில் ஆஸ்திரேலிய அக்கேசியாக்கள் கொத்துக் கொத்தாகச் சாய, இந்தக் குட்டையர்கள் பெரும்பாலும் நின்றுவிட்டார்களாம்.

ஒரு செடியின் முன்னால் நிறுத்தி, "காயா" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுபது வருஷமாகக் காயாம்பூ வண்ணா, காயாம்பூ வண்ணா என்று பெருமாளைக் கூப்பிடுகிறேன்; அது என்ன நிறம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக, ஊதாவும் நீலமும் கலந்து, பட்டாணிகூட இல்லாத அளவில் பூக்கள். மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். பொங்கல் வைக்க வந்த அம்மா.

"பாக்கறதோட நிறுத்துங்க. இங்க ஒரு இலை எடுத்தாலும் ஐயனார் வீடு தேடி வந்து கேப்பாரு."

வனத்துறை அறிவிப்புப் பலகைகளை நிறையப் படித்திருக்கிறேன். ஒன்றுகூட என் வீட்டு முகவரியைக் குறிப்பிட்டதில்லை.

அன்று இரவு சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து ஒரு இலை விழுந்தது. தடிப்பு, கரும்பச்சை, நரம்பே தெரியவில்லை. காயா. சத்தியமாக நான் பறிக்கவில்லை. "தூக்கி எறிங்க" என்றாள் மனைவி. எறியலாம்தான். ஆனால் பதினோரு மணிக்கு மாடியில் ஏதோ தடதடவென்று ஓடியது. பூனைதான் என்று புத்திக்குத் தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை. பகுத்தறிவு பேசியே முப்பது வருஷம் அலுவலகத்தில் பெயரெடுத்தவன் நான்.

விடியற்காலை முதல் பஸ். இலையைப் பழைய கல்யாணப் பத்திரிகைக்குள் மடித்து வைத்திருந்தேன். கண்டக்டர், "பத்திரிகை வைக்கப் போறீங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அந்தச் செடியின் அடியிலேயே இலையை வைத்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். ஒரே இலைக்காகப் போக வர ஆறு முறை மாநில எல்லையைத் தாண்டியவன் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் ஆயாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வற்றலைத் திருப்பிப் போட்டபடியே முழுக் கதையும் கேட்டார்.

"நல்ல காரியம் பண்ணே தம்பி. செருப்புல ஒட்டிக்கிட்டு வந்த மண்ணை என்ன பண்ணினே?"

எட்டிப் பார்த்தேன். வாசலில் என் செருப்பின்மேல் சாம்பல் பூனை நன்றாகச் சுருண்டு படுத்திருந்தது.