ஊசியை எடுத்தாச்சு, சோகை போயாச்சு

மகாஜனங்களே, ரத்தசோகைக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். இரும்புச்சத்து மாத்திரை வேண்டாம், முருங்கைக்கீரை வேண்டாம், முட்டை வேண்டவே வேண்டாம். கணக்கெடுப்பில் ஒரு பக்கத்தைக் கிழித்தால் போதும்.

1998-99 முதல் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புக்காரர்கள் வீடு வீடாகப் போய் விரல் நுனியில் குத்தி வந்தார்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்ததை ஒரு சின்ன பிளாஸ்டிக் சில்லில் வாங்கி, கைக்கு அடக்கமான கருவிக்குள் தள்ளுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஹீமோகுளோபின் எண் தெரியும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பதினொன்றுக்குக் கீழே வந்தால் சோகை. அந்த வீட்டுச் சுவரில் எந்தத் தலைவர் படம் தொங்குகிறது என்று கருவி பார்ப்பதில்லை. அதுதான் அது செய்த குற்றம்.

2015-16இல் நூற்றுக்கு 58.6 குழந்தைகளுக்குச் சோகை. 2018இல் 'ரத்தசோகை இல்லா பாரதம்' என்று திட்டம் போட்டு, ஆண்டுக்கு 3 புள்ளி குறைப்போம் என்றார்கள். 2019-21இல் குத்திப் பார்த்தால் 67.1! பெண்களுக்கும் 53.1 போய் 57 ஆகியிருந்தது.

தண்டனை யாருக்கு? கருவிக்கு. கணக்கெடுப்பின் ஆறாவது சுற்றில் அந்தச் சோதனையே கிடையாது. விரல் ரத்தம் துல்லியமில்லையாம். கை நரம்பில் எடுப்பதுதான் சரியாம். அதற்கு வேறோர் ஆய்வாம். நரம்பு ரத்தம் துல்லியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதே தராசு 2005-06க்குப் பிறகு 69இலிருந்து 58.6க்கு இறங்கிக் காட்டியதே, அப்போது ஏன் அதைத் தூக்கிப் போடவில்லை? பழையதோடு ஒப்பிட முடியாத புது எண் கிடைத்தால் யாருக்கு வசதி?

கணக்கெடுப்பை நடத்தும் மும்பை நிறுவனத்தின் இயக்குநர் கே.எஸ்.ஜேம்ஸை 2023 ஜூலையில் இடைநீக்கம் செய்தார்கள். ஆள்சேர்ப்பில் முறைகேடு என்றார்கள். 2019 அக்டோபர் 2இல் திறந்தவெளியில் ஒதுங்குவது ஒழிந்தது என்று தேசமே கைதட்டியபின், 19 சதவீதக் குடும்பங்கள் கழிப்பறைக்கே போவதில்லை என்று சொன்னதும் இவர்கள் கணக்குதான். நாங்கள் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை, சாமி.

1972இல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பை 2015இல் மூடினார்கள். 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கை வெளியிடாமலே கைவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று சொல்லலாம்தான். சோறு எங்கே இருக்கிறது?

சரி, அவர்கள் மெச்சும் தராசிலேயே நிறுப்போம். 2016-18இல் மத்திய சுகாதார அமைச்சகமே நரம்பு ரத்தம் எடுத்துக் குழந்தைகளைச் சோதித்தது. ஒன்று முதல் நான்கு வயது வரை, நூற்றுக்கு 41 பேருக்குச் சோகை.