இரண்டடிச் சமுத்திரம்

கும்மிடிப்பூண்டி மீன் மார்க்கெட்டில் ஒரே ஓர் இறால் கேட்டு நிற்கும் ஆள் ஒருவர் உண்டு. கால் கிலோ இல்லை, நூறு கிராம் இல்லை, ஒன்று. "ஒண்ணுன்னா எப்பிடிப்பா எட போடறது?" என்று மீன்காரம்மா கேட்டால், "சமைக்கறதுக்கு இல்லம்மா, அழுக வைக்கறதுக்கு" என்பார். அதற்கு மேல் அந்தம்மா எதுவும் கேட்பதில்லை. சிப்காட்டில் என்னென்னவோ பண்ணுகிறார்கள், அதில் இதுவும் ஒன்றாக இருக்கும் என்று இறாலைச் சும்மாவே கொடுத்து அனுப்பிவிடுவார். அவருடைய திட்டத்தில் போட்ட பட்ஜெட்டுக்குள் முடிந்த ஒரே பொருள் அந்த இறால்தான்.

இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கடல் வளர்ப்பவர். வேலை, சிப்காட்டில் ஏதாவது ஒரு கம்பெனியின் மெயின்டனன்ஸ் பிரிவில். கம்பி உருட்டும் மில்லோ, வண்டி உதிரிபாகமோ, எந்த மிஷின் நின்றாலும் இவரைத்தான் தேடுவார்கள். கப்பியில் ஆரம்பித்து, கோல்ட்ஃபிஷ் வளர்த்து, ஃபைட்டருக்கு வந்து, அதிர்ஷ்டம் வரும் என்று யாரோ சொன்னதால் ஃபிளவர்ஹார்ன் வாங்கி, அதிர்ஷ்டம் வருவதற்குள் அதுவும் போய்ச்சேர்ந்த பிறகு, நைட் ஷிப்ட் டீ நேரத்தில் செல்போனில் ஒரு வீடியோ பார்க்கிறார். நீல வெளிச்சம், அசைந்தாடும் பவளம், நடுவே ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடி மீன். தலைப்பில் 'பட்ஜெட்' என்று இருக்கிறது. ஆளைக் கவிழ்த்தது அந்தச் சொல்தான். பணக்காரர் சமாச்சாரம் என்று போட்டிருந்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போயிருப்பார்.

அவருடைய பட்ஜெட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. கடையில் வாங்கியது கணக்கில் வரும். தானே செய்தது வராது. ஆகவே ஸ்கிம்மர் என்கிற நுரை வடிகட்டியை அவர் வாங்க மாட்டார், செய்வார். அதற்கான பிவிசி பைப், எல்போ, எம்-சீல், ஏர் பம்ப், துளை போட ஒரு புது ட்ரில் பிட், முதலில் செய்தது ஒழுகியதால் மறுபடியும் பைப், எல்போ, எம்-சீல் எல்லாம் 'வீட்டில் கிடந்தது' என்ற தலைப்பில் மறைந்துவிடும். செய்து முடித்தது நுரையைத் தவிர எல்லாவற்றையும் வெளியே தள்ளும். பிறகு சென்னையில் வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கோலத்தூரில் ரெடிமேடாக ஒன்று வாங்குவார். அந்த விலை மட்டும் நோட்டில் ஏறும். நோட்டைப் பார்த்தால் அவரைவிடச் சிக்கனமான மனிதர் திருவள்ளூர் மாவட்டத்தில் இல்லை.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஏறக்குறைய இரண்டு கிலோ உப்பு. "அவ்ளோதானே, கல்லுப்பு போட்டா ஆவாதா?" என்று அவருடைய அம்மா கேட்டார். கேள்வியில் தப்பே இல்லை. கடலின் அந்த 35 கிராமில் சுமார் 30 கிராம் நம் அடுப்படி உப்பில் இருக்கும் அதே சோடியமும் குளோரைடும்தான். மிச்சம் ஐந்து கிராமில்தான் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் அடங்கியிருக்கின்றன. டப்பாவில் வரும் கடலுப்புக் கலவைக்கு இவர் கொடுக்கும் வெளிநாட்டு விலை அந்த ஐந்து கிராமுக்கு. தூத்துக்குடிக்காரர் கேட்டால் மனம் உடைந்துபோவார்.

தண்ணீர் விஷயத்தில்தான் இந்த ஊர்க்காரர் என்பது முழுசாகத் தெரியும். மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல் உள்ளே வந்துவிட்டது. பல கிணறுகள் உப்பாகி வெகுகாலம் ஆயிற்று. அதற்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில் 2010-இல் ஓர் ஆலையைத் திறந்து, கடல்நீரில் உப்பை எடுத்து நாளுக்கு 10 கோடி லிட்டர் வரை குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். நம்மவர் வீட்டிலும் போர் தண்ணீர் உப்புதான். அதை ஆர்.ஓ. மிஷினில் விட்டு உப்பை எடுக்கிறார். எடுத்த தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து, அதில் டப்பா உப்பைக் கொட்டிக் கலக்கி மறுபடியும் உப்பாக்குகிறார். "இன்னாங்க இது, அந்த போர் தண்ணியையே ஊத்தினா ஆவாதா?" என்று மனைவி கேட்டதற்கு, "அது வேற உப்பு, இது வேற உப்பு" என்று பதில். அன்றிலிருந்து அந்த அம்மாள் அவரிடம் தண்ணீர் பற்றிப் பேசுவதில்லை. ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் தண்ணீரைப் பிடித்துப் பாத்திரம் கழுவிக்கொள்கிறார்.

இவ்வளவு பாடு எதற்கு, பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு, அங்கே கடல் சும்மா கிடக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். அவருக்கும் தோன்றியது. பைக்கில் இரண்டு பக்கமும் இருபது லிட்டர் கேன்களைக் கட்டிக்கொண்டு போனார். பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆனால் அதன் உப்புக்கு ஒரே குணம் கிடையாது. மழைக்காலத்தில் ஆரணியாறு கொண்டுவந்து கொட்டும்போது நன்னீர் மாதிரி ஆகிவிடும், கோடையில் முகத்துவாரம் மண் மூடினால் கடலையே மிஞ்சும். எனவே ஏரியை விட்டுக் கடற்கரைக்கே போய் மொண்டுவந்தார். வழியில் போலீஸ் நிறுத்தி, "கேன்ல இன்னா?" என்றது. "கடல் தண்ணி சார்." இந்தத் தேசத்தில் ராத்திரி வேளையில் கேனில் போகிறது கடல் தண்ணி என்று சொன்னால் எந்தப் போலீஸ்காரர் நம்புவார்? முகர்ந்து பார்த்தார், பிறகு நாக்கில் வைத்தும் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபின் டப்பா உப்பே மேல் என்று நம்மவர் முடிவுக்கு வந்தார். எண்ணூர்ப் பக்கம் மொள்ளலாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு அங்கே கழிமுகத்தில் எண்ணெய் பரவிய கதையை அரைமணி நேரம் சொல்வார்.

அடுத்தது பாறை. வெளிநாட்டு வீடியோக்களில் 'லைவ் ராக்' என்று பவளப்பாறைத் துண்டுகளைத் தேங்காய் வாங்குவதுபோல் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். இங்கே நடக்காது. கடினப் பவளங்கள் அனைத்தும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. காரணமில்லாமல் இல்லை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு. 'யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு' என்று கடைக்காரர் யாராவது கிசுகிசுத்தால் நம்மவர் எழுந்து வந்துவிடுவார். பயம் ஒரு பாதி. தன் கையால் செய்ய ஒரு வாய்ப்பு கிடைத்த சந்தோஷம் இன்னொரு பாதி.

சிமென்ட்டில் சிப்பித் தூளையும் கல்லுப்பையும் கலந்து பிசைந்து, மணலில் குழி பறித்து ஊற்றிப் பாறை வார்த்தார். இங்கேதான் கல்லுப்புக்கு வேலை. அது கரைந்துபோன இடமெல்லாம் ஓட்டையாகும். சிமென்ட்டின் காரம் இறங்கும்வரை மாடி டிரம்மில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுத் தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எந்த மீனும் பிழைக்காது. காய வைத்த பாறைகளில் ஒன்றுக்கு அவருடைய அம்மா வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார். மறுபடியும் ஊறப்போட்டார்.

பவளத்துக்கு அவர் போனது காளானைப்போல் விரியும் மென்பவளங்களுக்கும், பொத்தானைப்போல் கூட்டமாக இருக்கும் ஜோயாந்தஸ் வகைக்கும்தான். அதுவும் பில் கேட்டு வாங்குவார். ஜோயாந்தஸ் ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுக் கழுவக் கூடாது என்பதை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அதில் சிலவற்றுக்கு உள்ள நஞ்சு ஆவியிலேயே ஆளைப் படுக்க வைத்துவிடும்.

இப்போது அந்த இறால். பாறை, மணல், தண்ணீர் எல்லாம் தயாரான தொட்டியில் மீனை விடக் கூடாது. முதலில் ஏதாவது அழுக வேண்டும். அழுகினால் அம்மோனியா வரும், அதைத் தின்ன ஒருவகைப் பாக்டீரியா வந்து நைட்ரைட் ஆக்கும், அதைத் தின்ன இன்னொரு வகை வந்து நைட்ரேட் ஆக்கும். இந்தக் குடித்தனம் அமைய நாலிலிருந்து ஆறு வாரம். அதுவரை வேலை எதுவும் இல்லை, பார்த்துக்கொண்டு இருப்பதுதான் வேலை. மெயின்டனன்ஸ் ஆளுக்கு உலகத்திலேயே செய்ய முடியாத காரியம் இதுதான். பதினைந்து வருஷமாக 'லைன் நிக்கக் கூடாது' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது. ஓடாமல் நிற்கும் எதைப் பார்த்தாலும் அவருடைய கை ஸ்பேனரைத் தேடும். தொட்டியில் அலை எழுப்பும் வேவ் மேக்கரின் திசையை மாற்றுவார். பாறையைத் திருப்பி வைப்பார். மணலைக் கிளறுவார். கிளறினால் பாக்டீரியா மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்கும் என்று அவரே பக்கத்து வீட்டுப் பையனுக்கு வகுப்பு எடுப்பார், எடுத்தபடியே கிளறுவார். பட்ஜெட்டில் அவர் கணக்கிடாத பெரிய செலவு இந்த ஆறு வாரம்.

ஆறு வாரமும் டெஸ்ட் கிட் உண்டு. சின்னக் கண்ணாடிக் குழாயில் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினால் அம்மோனியா இல்லாவிட்டால் மஞ்சள், இருந்தால் பச்சை. இந்த மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு நிறம் இருக்கிறது பாருங்கள், அது பல குடும்பங்களைச் சோதித்திருக்கிறது. பி ஷிப்ட் முடிந்து வந்து, தூங்கிய மகளை எழுப்பி, "கண்ணு, இது மஞ்சளா, பச்சையா?" "மஞ்சள்ப்பா." "நல்லாப் பாரு." "அப்ப பச்சை." மனைவி தூரத்திலிருந்தே சொல்வார்: "எலுமிச்சங்கா." அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கம்பெனி பாய்லர் தண்ணீருக்குக்கூட இவ்வளவு ஒழுங்கான லாக் புக் கிடையாது என்று அவருடைய ஷிப்ட் இன்சார்ஜ் வருத்தப்பட்டாராம்.

இவருக்கு ஒரு குலதெய்வம் உண்டு. ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங் என்பவர். உயிருள்ள பாறை, கொஞ்சம் காற்றுக் குமிழி, வெயில், கடல் தண்ணீர், அவ்வளவே வைத்துப் பவளம் வளர்த்துக் காட்டி, 1961-இல் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகையில் எழுதியவர். "பாத்தீங்களா, ஃபில்டரே இல்ல" என்று நம்மவர் நெகிழ்வார். ஜகார்த்தாக்காரருக்குக் கடலும் பாறையும் வாசலிலேயே கிடைத்தன என்பதை நான் எடுத்துச் சொல்வதில்லை. மெட்ராஸ் மெரினாவில் 1909-இல் மீன் காட்சிச்சாலை திறந்த அரசாங்கமும் அதைக் கடலுக்கு எதிரேதான் கட்டியது. உருக்காலைகளுக்கு நடுவே கட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வீடியோவில் பார்த்த அந்த ஆரஞ்சும் வெள்ளையுமான மீனை வாங்குகிற நாள் வந்தது. கும்மிடிப்பூண்டியில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, பெரம்பூரில் இறங்கிக் கோலத்தூர். நெமோ படம் 2003-இல் வந்ததிலிருந்து இந்த மீனுக்குக் கடைகளில் அதுதான் பெயர். கடலில் பிடித்ததை வாங்காமல், தொட்டியில் பிறந்ததைக் கேட்டு வாங்கினார். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காரர்களும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இதைக் குஞ்சு பொரிக்க வைத்து வருஷங்கள் ஆகின்றன. தொட்டியில் பிறந்தது, கடலில் தன் இனத்துக்கு வீடாக இருக்கும் கடல்தாமரையைக் கேட்டு அழாது, போட்ட தீனியைத் தின்னும். திரும்பி வரும் ரயிலில் ஆக்ஸிஜன் அடைத்த கவரை மடியில் வைத்திருந்தார். கூடை காலியாகிக் கவரைப்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்த மீன் விற்கும் பாட்டி ஒருவர் எட்டிப் பார்த்து, "எவ்ளோ நைனா?" என்றார். விலையைச் சொன்னார். பாட்டி சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அந்தக் காசுக்கு வஞ்சிரம் ஒரு கிலோ வாங்கியிருக்கலாமே. இது கொழம்புக்கு ஒரு கரண்டிக்குக் காணுமா?"

விட்ட மீன் பிழைத்தது, அதுவே பெரிய விஷயம். ஆனால் சித்திரை வெயில் அதைவிடப் பெரிய விஷயம். குளிர்விக்கும் சில்லர் விலை தொட்டி, பாறை, மீன் எல்லாம் சேர்ந்ததைத் தாண்டும். அதனால் பழைய கம்ப்யூட்டர் ஃபேனைத் தண்ணீர்ப்பரப்பின் மேல் சுழலவிட்டார். தண்ணீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. தினமும் ஒரு லிட்டருக்குக் குறையாமல் வற்றவும் செய்தது. வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே இருக்கும். ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர். அவர் ஷிப்டுக்குப் போயிருந்த நாளில் மகள் பாசத்தோடு பக்கெட் உப்புத் தண்ணீரை ஊற்றிவிட, கடல் சாக்கடலாகும் திசையில் கிளம்பிவிட்டது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளன்று அவர் லீவு போடுவார். பேட்டரி பம்ப் இருக்கிறது. இருந்தாலும் சொம்பில் மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றி, காற்று கலந்தால்தான் நிம்மதி. மிக்ஜாம் புயலில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்றபோது, வீட்டில் எல்லோரும் பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்ய, அவர் தொட்டிமேல் ஒழுகும் மழைநீருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளி வந்தால் தப்ப முடியாது. ராத்திரி ஜன்னலில் நீல வெளிச்சம் கசிவதைப் பார்த்துப் புதிதாக பார் திறந்திருக்கிறதோ என்று கதவைத் தட்டியவரைக்கூட உட்காரவைத்து விளக்கியிருக்கிறார். இந்த மீன்கள் பிறக்கும்போது எல்லாமே ஆண். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறி வீட்டை ஆளும். அது செத்துப்போனால் புருஷன் மீன் பெண்ணாக மாறிவிடும். மாமனார் இதைக் கேட்டு, காபியைப் பாதியில் வைத்து, மகளை உள்ளே கூப்பிட்டு, "மாப்ள நல்லாத்தானே இருக்காரு?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இப்போது அவர் ஓர் உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறார், உண்மையிலேயே உண்மை. தொட்டி சின்னதானால் எந்தத் தப்பும் உடனே பெரிதாகத் தெரியும். சூடு சீக்கிரம் ஏறும், உப்பு சீக்கிரம் ஏறும், ஒரு பிடி தீனி அதிகமானால் அம்மோனியா ஏறும். தண்ணீர் அதிகமிருந்தால் எல்லாம் நிதானம். ஆகவே சிக்கனமாக இருக்க ஒரே வழி பெரிய தொட்டி வாங்குவதுதான். "நாலடி போட்டா செலவு பாதியாக் கொறையும்" என்று மனைவியிடம் சொன்னபடி டேப்பை எடுத்துச் சுவரை அளந்தார். பீரோ இடித்தது.

"அந்தப் பீரோவையும் கோலத்தூருக்கே அனுப்பிடலாமா?" என்றார் அந்த அம்மாள்.

அவர் யோசித்தார். "மீன்காரங்க பீரோ எடுத்துக்குவாங்களா?"