வண்ணம் தொலைந்த நல்ல நேரம்

அவுட்லுக்கில் மின்னஞ்சலுக்கு வண்ணம் தீட்டும் பொத்தானைக் காணவில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. கிடைத்த விடுதலையின் அருமை தெரியாதவர்கள்.

முதலில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என ஆறே வண்ணங்கள்தான் தருவார்கள். ஆசை பெருகினால் 25 வரை போகலாம். அவசரத்துக்குச் சிவப்பு. நிஜமான அவசரத்துக்கு அடர்சிவப்பு. மேலாளருக்கு மட்டும் அவசரமாகத் தெரிவதற்குப் பீச். இதையெல்லாம் வகுத்து முடிப்பதற்குள் மாலை டீ வந்துவிடும். பதில் எழுதுவது பிறகல்லவா?

இந்தச் சுமையிலிருந்து ஐமேப் வகை மின்னஞ்சல் கணக்குக்காரர்களை அவுட்லுக் காப்பாற்றியிருக்கிறது. அவர்கள் கண்ணில் அந்தப் பொத்தானே படாது. எக்ஸ்சேஞ்ச் கணக்குக்காரர்கள்தான் பாவம், எல்லா வண்ணத்தோடும் மாரடிக்க வேண்டும். எனவே பொத்தானைக் காணோம் என்று உதவி கேட்டால், பொருத்தம் பார்க்கும் ஜோசியரைப் போல, "உங்கள் கணக்கு என்ன வகை?" என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். நியாயம்தானே! அஞ்சலைத் தரம் பிரிக்கும் முன் ஆளைத் தரம் பிரிக்க வேண்டாமா?

ஜிமெயில் ஒரு படி மேல். 2013இல் விளம்பரங்களுக்கென்று தனித் தாவல் தந்தது. அமைப்புகளில் 'ஸ்மார்ட்' வசதிகளை அணைத்தால் போதும், தாவல்கள் மறைந்து ஆடித் தள்ளுபடியும் சம்பளச் சீட்டும் ஒரே பந்தியில் உட்காரும். சமத்துவம் இவ்வளவு எளிதாக எங்கே வந்திருக்கிறது?

இன்னும் மனம் ஆறாதவர்கள் அலுவலகக் கணினிப் பிரிவில் புகார் தரலாம். படிவம் மிகச் சுருக்கம். முதல் கேள்வி: 'புகாரின் வகை'. பக்கத்திலேயே கட்டாயம் என்பதற்கான நட்சத்திரக் குறி. பட்டியலைத் திறந்தால், காலி.